எரியாத பச்சை விளக்கு

மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் அந்தச் சிறிய அறையில், உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுகளைச் செம்மொழியின் தலையில் வைத்துப் பட்டை கட்டியிருந்தாள் மெஷினை இயக்கும் மாலதி. ஒரு பஞ்சு நெற்றிக்கு மேல் இடப்பக்கம், இன்னொன்று இடது காதுக்கு மேல். வயரை மாற்றினாள். பஞ்சை மாற்றினாள். தன் கையில் வைத்துப் பார்த்தால், கரண்டு பாய்கிறது என்று பச்சை. செம்மொழி தலையில் சிவப்பு.

'மெஷினுக்கே ஒன்னப் பிடிக்கல' என்றது செம்மொழிக்கு மட்டும் கேட்கும் ஆண் குரல். மாத்திரைகள் மற்றதையெல்லாம் அடக்கியிருந்தன. இது மட்டும் போகவில்லை. வேளாண் அலுவலக வேலையை விடவைத்ததும் இதுதான். இன்றும் தலைக்குள் கரண்டு பாயாவிட்டால், இந்தச் சிகிச்சை ஒத்துவராது என்று டாக்டர் நிறுத்திவிடுவார்.

அவர் விளக்கியதை நினைத்தால் அவளுக்கு இன்னும் பிரமிப்பாக இருந்தது. நாம் மனதுக்குள் பேசும்போது, 'இது நீயேதான்' என்று மூளை தன் கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்குமாம். அந்தத் தகவல் தவறினால் சொந்தப் பேச்சே அயலார் குரலாகக் கேட்கலாமாம். டார்ச் பல்பு எரியக்கூடப் போதாத கரண்டு, மண்டையோட்டைத் தாண்டி அந்த இடம்வரை போகுமாம். கத்தி இல்லை, ஊசி இல்லை.

"எங்க வீட்டு மிக்சியும் இப்படித்தான். ரெண்டு தட்டு தட்டும்மா, ஓடும்" என்றாள் செம்மொழியின் அம்மா அம்சம்.

"இது மிக்சி இல்லைங்கம்மா."

பஞ்சிலிருந்து ஒரு சொட்டு கசிந்தது. முடியை நனைக்காமல், சேம்பு இலையில் உருளும் நீர்போல உருண்டு செம்மொழியின் கன்னத்தில் விழுந்தது. அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் வழுக்கியது.

"அம்மா, காலையில என் தலைக்கு என்ன வச்ச?"

"நம்ம தோப்பு எண்ணெய்தான். கரண்டு சூடு தாங்கணுமேன்னு ரெண்டு கை கூடவே வச்சேன். நேத்தும் வச்சேனே."

"தலையக் கழுவிட்டு வரச் சொன்னேனேம்மா" என்றாள் மாலதி.

"கழுவிட்டுத்தானே வச்சேன்."

செம்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணெய் வழியாக மின்சாரம் பாயாது; உப்புத் தண்ணீர் வழியாகத்தான் பாயும். குழாயடிக்குப் போய் ஷாம்பு போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகத் தலையை அலசிவிட்டு வந்தாள். மாலதி முடியை வகிர்ந்து, பஞ்சு தோலில் படும்படி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. இம்முறை பஞ்சுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. குரல் பேசிக்கொண்டேதான் இருந்தது. குறைவதானால் சில நாட்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் அது பேசுகிற இடத்துக்கு இப்போது ஒரு வழி திறந்திருந்தது. அவள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

   பச்சை விளக்கு எரிந்தது.