பூஜையில் வைத்த ஃப்ளாப்பி

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலைவரை அதைத் தொடக் கூடாது என்று ஏற்படுத்தியவர் கட்டாயம் ஒரு மாணவராகத்தான் இருந்திருப்பார். அந்த ஒரு நாளை அனுப்ரியா வருஷா வருஷம் ஆசையோடு எதிர்பார்ப்பாள். இந்த வருஷம் மட்டும் அது வேண்டாத விருந்தாளி மாதிரி வந்து சேர்ந்தது.

விஜயதசமியன்று பத்து மணிக்கு அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பள்ளி மாணவர்களுக்கு வெப்சைட் போட்டி. அவளுடைய வெப்சைட் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பாண்டி பஜார் பிரவுசிங் சென்டரில் இரண்டு மாதமாக உட்கார்ந்து செய்தது. தனக்கே ஒரு காப்பியை மெயிலில் அனுப்பி வைக்கப் பார்த்தால், முக்கால்வாசி போகும்போது லைன் கட். மூன்று தடவையும் அப்படியே. 'சனியன், ஃப்ளாப்பிதான் கையில் இருக்கிறதே' என்று எழுந்து வந்துவிட்டாள்.

அப்பா சண்முகசுந்தரம் சாத்தான்குளத்திலிருந்து வந்து தி.நகரில் 'தங்கபுஷ்பம் பாத்திர மாளிகை' என்று அனுப்ரியாவின் அம்மா பெயரில் கடை வைத்தவர். "ஜெயிச்சுட்டு வா, வீட்டுக்கே கம்ப்யூட்டர் வாங்கித் தாரேன்" என்று சொல்லியிருந்தார். அண்ணன் ஸ்ரீஹரி ப்ளஸ் டூவில் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டபோது, பையன் மனசு உடைந்துவிடக் கூடாதென்று பைக் வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான். இவளுக்கு மட்டும் ஜெயித்தால்தான்.

பூஜையன்று சாயங்காலம் அம்மா கையை நீட்டினாள்.

"ஏட்டி, அந்தக் கறுப்பு அட்டையையும் கொண்டா. இப்ப அதுக்குத்தானே சாமி துணை வேணும்."

"அது புக் இல்லம்மா. கெட்டுப் போயிடும்."

"சாமி முன்னால வச்சா எதுட்டி கெடும்?"

அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த வீட்டில் யாருமில்லை. அனுப்ரியா அவளை உட்கார வைத்து, ஃப்ளாப்பியின் தகரக் கதவை நகத்தால் தள்ளி, உள்ளே மின்னும் கறுப்புத் தகட்டைக் காட்டினாள். "இதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு. ரெண்டு மாச வேலை. தண்ணி ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, சொல்லிட்டேன்." அம்மா கண்ணை விரித்துப் பார்த்து, பயபக்தியோடு தலையாட்டினாள்.

மறுநாள் கற்பூரம் காட்டி முடித்ததும் ஓடிப் போய் எடுத்தாள். தராசு, கத்தரிக்கோல், அகராதி, அண்ணனின் பைக் சாவி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. ஃப்ளாப்பியின்மேல் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அடையாறில் அவள் முறை வந்தது. ஃப்ளாப்பியைச் செருகியதும் கம்ப்யூட்டர் தேங்காய் துருவுகிற மாதிரி கர்ர் கர்ர் என்றது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி செருகினாள். மறுபடி கர்ர். நடுவர் விஜயலக்ஷ்மி மேடம் அதை வெளியே எடுத்து, தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தார். கறுப்புத் தகட்டில் சந்தனம் வட்டமாக இழுபட்டிருந்தது, ஊடே குங்குமச் சிவப்பு.

"என்னம்மா இது, ஃப்ளாப்பிக்குப் பொட்டு வெச்சிருக்கே? வேற காப்பி இருக்கா?"

இல்லை.

"மச்சி, இதுக்கு வைரஸே வராதுடா" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அறையே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்காமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதுதான் அதிகமாக வலித்தது.

அம்மாவைக் கேட்க வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கி வைத்தாள். வீட்டு வாசலில் தகரக் கதவைத் தள்ளி ஃப்ளாப்பியை நீட்டியதும் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"தண்ணி படக் கூடாதுன்னியேட்டி. அதான் பயந்து பயந்து கெட்டியாக் குழைச்சு வச்சேன். மேல வச்சா பேருக்கு வச்ச மாதிரி. உள்ளதானே எல்லாம் இருக்குன்னே."

பஸ்ஸில் அடுக்கி வைத்ததெல்லாம் வீணாயிற்று. தகரக் கதவைத் தள்ளிக் காட்டியதே அனுப்ரியாதானே.

உள்ளே அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொட்டு வைத்ததில் ஃப்ளாப்பி கெட்டுப்போன கதையை அவரிடம் சொன்னாள். "சாமியைக் குத்தம் சொல்லாதே தாயி. பேச்சுன்னா பேச்சு. கம்ப்யூட்டரை அடுத்த வருஷம் பாப்போம்." பிறகு சமாதானமாக, "அப்படி என்னத்தச் செஞ்சு வச்சிருந்தே?" என்றார்.

"நம்ம கடைப்பா. அண்டா, குத்துவிளக்கு, எல்லாம் ஒவ்வொண்ணா வரும். அமெரிக்காவுல இருந்துகூடப் பாக்கலாம். முதல் பக்கத்துல பெரிசா அம்மா பேரு."

சண்முகசுந்தரம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"கடைதான் தெருவுலயே இருக்கே தாயி. வேணும்ங்கிறவன் வந்து பாத்துட்டுப் போறான். இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?"

அனுப்ரியாவுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் அம்மா ஈரத்துணியோடு வந்து, ஃப்ளாப்பியை அவள் கையிலிருந்து வாங்கி, தகரக் கதவைத் தள்ளி அழுத்தித் துடைத்தாள். பிறகு டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"இதுல எங்கட்டி இருக்கு, என் பேரு?"