நசீமா வீட்டு மானிட்டர்

சிவகுருநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் நாளைக்குத் தள்ளிப் போடுகிற ஆள். கல்யாணத்தையும் அப்படியே தள்ளித் தள்ளி, கடைசியில் அதைப் பற்றிக் கேட்பதற்கே ஆளில்லாமல் போனது. சாப்பாட்டு மேசையில் தனக்கு ஒரு நாற்காலி போதும் என்று மற்ற மூன்றிலும் துணிகளைப் போட்டு வைத்திருந்தார்.

1997இல், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் என்பது இங்கே நாலு பேருக்குத்தான் தெரிந்த சங்கதி; அதில் சிவகுருநாதனும் ஒருவர். கோலாலம்பூரில் அதன் சிடியை விற்ற கடைக்காரர், வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிறவர்களைத் தட்டிக்கழிக்க, சிவகுருநாதனின் போன் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிடுவார். கூப்பிடுகிறவர்கள் விஷயத்தைக் கறந்துகொண்டு வைத்துவிடுவார்கள். அப்படித்தான் செந்தூலிலிருந்து நசீமாவும் கூப்பிட்டாள். பகலில் வேலைக்குப் போய், மாலையில் கம்ப்யூட்டர் டிப்ளோமா படிக்கிற பெண். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய ப்ராஜெக்டை லினக்ஸில்தான் செய்தாக வேண்டும்.

"இன்ஸ்டால் ஆயிருச்சு அங்கிள். எழுத்தெல்லாம் ஓகே லா. படம் வர்ற நேரத்துல ஸ்க்ரீன் கறுப்பாயி, கோடு கோடா ஓடுது. விசில் மாதிரி ஒரு சத்தம் வேற."

கோளாறு என்னவென்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இன்ஸ்டால் பண்ணும்போது, மானிட்டர் தாங்காத வேகத்துக்குப் பெரிய எண்ணைக் கொடுத்திருக்கிறாள். செட்டிங் ஃபைலில் அந்த ஒரு வரியில் சின்ன எண்ணைப் போட்டால் எந்த மானிட்டரும் சொன்னபடி கேட்கும். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள், "உள்ள இருக்கிற வீடியோ கார்டு பேரைப் பாத்துட்டு வரேன் அங்கிள், இருங்க," என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். போன் ஹாலில் இருந்தது, கம்ப்யூட்டர் உள் அறையில்.

கிடந்த ரிசீவர் வழியாக ஒரு வீடே அவர் காதுக்குள் வந்தது. டிவியில் மலாய்ச் செய்தி. அடுப்பில் தாளிக்கிற சத்தம். "ஜெய்னம்பு, என் சட்டை எங்க?" என்று ஓர் ஆண் குரல். "கண்ணு முன்னாலதான் தொங்குது, நல்லாப் பாருங்க," என்றாள் மனைவி. யாரோ ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தாள். சிவகுருநாதன் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். அவர் வீட்டில் ஃபிரிட்ஜைத் தவிர வேறு எதுவும் சத்தம் போட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

நசீமா திரும்பி வந்து கேட்டபோது, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, ஒன்றுக்கும் உதவாத வேறொரு வரியை மாற்றச் சொன்னார். "இன்னிக்கு இது போதும்மா. நாளைக்கு நானே கூப்பிடுறேன்."

பாவி மனுஷன். செய்வது அயோக்கியத்தனம் என்று தெரிந்தேதான் செய்தார். மறுநாள் ஒரு வரி, அதற்கு மறுநாள் இன்னொரு வரி. அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல அங்கிள், அதே மாதிரிதான்," என்பாள். அந்த இடைவெளியில் அவர் அந்த வீட்டில் குடியிருந்தார். அத்தா எப்போது கடையிலிருந்து வருவார், தங்கைக்கு எந்தப் பாடம் வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சனிக்கிழமை அவள் குரல் உடைந்திருந்தது. "மானிட்டர்ல கருகுற வாடை வருது அங்கிள். அத்தா அலைஞ்சு திரிஞ்சு வாங்கித் தந்தது. திங்கக்கெழமை குடுக்கலைன்னா ஃபெயில். உங்களுக்கும் தெரியலைன்னா சொல்லிருங்க, நான் விட்டுர்றேன்."

ஒத்துக்கொள்ளாத வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் மானிட்டர் எரிந்தே போகும் என்பது தெரியாதவரா அவர்? தன் தனிமைக்குத் துணை தேடி, இந்தப் பெண்ணின் படிப்பில் கை வைத்துவிட்டோமே என்று கூசிப்போனார்.

"மொதல்ல அதை ஆஃப் பண்ணிட்டு வாம்மா. கொஞ்சம் ஆறட்டும்." அவள் வந்ததும் சரியான வரியையும் எண்ணையும் இரண்டு தடவை சொன்னார். "இது வரும். கண்டிப்பா வரும்."

"லைன்லயே இருங்க அங்கிள், போட்டுப் பாத்துட்டு வரேன்."

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே கூச்சல். "வந்துருச்சு! அம்மா, இங்க வாங்க! அத்தா!"

வீடே அந்த அறைக்கு ஓடியது. "அட, கலர் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு!" என்றார் அத்தா. தங்கை கை தட்டினாள். சிவகுருநாதனும் தன் காலி வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார். இப்போது வருவாள், அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். முதல் நாளே தெரியும், மன்னிச்சிரும்மா என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

யாரும் வரவில்லை. தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் இழுபட்டன. பேச்சும் சிரிப்புமாக எல்லோரும் ஹாலுக்கு வந்தார்கள்.

"நசீமா, போன் எடுத்தபடியே கெடக்கு பாரு," என்றாள் ஜெய்னம்பு.

"நான் இருக்கேன்மா," என்றார் சிவகுருநாதன். "நசீமா, நான் இங்கதான் இருக்கேன்." மேசைமேல் கிடந்த ரிசீவரிலிருந்து அது யார் காதுக்கும் எட்டவில்லை.

"அந்த அங்கிள் அப்பவே வெச்சிருப்பாரும்மா. அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் லா," என்று சொல்லிக்கொண்டே நசீமா ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள்.