வெள்ளை நெற்றிக் குட்டி

குட்டியின் நெற்றியில் வெள்ளையைப் பார்த்ததும் அம்சவல்லிக்கு ரசூல் ஞாபகம்தான் வந்தது.

காப்பிக்கொட்டை நிறத்தில் கம்பளி வளரும் செம்மறிகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இரண்டு பேரிடம்தான் மிச்சம். கருவேப்பிலங்குறிச்சி சாலையில் அவளிடம் பாதி. துபாயிலிருந்து திரும்பிவந்த ரசூலிடம் பாதி. சாயம் போடாமலே கம்பளம் நெய்யலாம் என்பதால் அந்த மயிருக்குத் தனி மதிப்பு. கலப்பு சேர்ந்தால் நிறம் போய்விடும். பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருவரும் ஒன்றாகத்தான் மேய்த்தார்கள். பக்ரீத்துக்கு ரசூல் வேப்பூர் சந்தையில் ஒரு வெள்ளைக் கிடா பிடித்திருந்தான்.

"அதை அவுத்து வுட்டியா?"

"இல்லக்கா. வூட்டுக்குப் பின்னாடி கட்டியே வெச்சிருந்தேன்."

"அப்போ இந்த வெள்ளை வானத்துலேருந்து வந்துச்சா?"

ரசூல் தன் ஆடுகளைப் பிரித்து ஓட்டிக்கொண்டு போனான்.

அதன்பிறகு அவள் ஆடுகளை வெளியே விடவில்லை. தன் காப்பி நிறக் கிடாவோடு பட்டியிலேயே அடைத்து, தழை வெட்டிவந்து போட்டாள். ரசூல் தெருவில் போனால்கூட வேலிப்படலைச் சாத்தினாள்.

அடுத்த ஈற்று வந்தது. பெரிய பெட்டை போட்ட குட்டியின் முகம் பாதிக்கு மேல் வெள்ளை.

புருஷன் குருமூர்த்தி கிணற்றடியிலிருந்தே சொன்னான்: "சில நேரம் அப்படித்தான் பொறக்கும்."

குட்டி என்ன நிறமென்று அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. அவன் கிட்டே வந்து பார்க்கவும் இல்லை.

"ஏங்க, நான் மங்களூருக்கு எங்கக்கா வூட்டுக்குப் போனப்ப இங்க யாரு வந்தாங்க?"

"யாரும் வரல."

"பொய் சொல்லாதீங்க."

"யாரும் வரல வல்லி. நாந்தான் ஆட்ட ஓட்டிட்டுப் போனேன். கறிக்கடை பிரபாகரன்கிட்ட ஒரு வெள்ளைக் கிடா இருக்குது. குட்டி சீக்கிரமா எடை போடும்னான்."

"மொத குட்டியும்?"

அவன் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினான்.

அன்று மத்தியானமே அவள் ரசூல் வீட்டுக்குப் போனாள். அவன் ஒரு ஆட்டின் குளம்பில் ஏறியிருந்த பீங்கான் துண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னாள். மன்னிப்பு கேட்டாள். அவளுடைய இளம் பெட்டைகள் எல்லாம் அவள் கிடாவுக்கே பிறந்தவை, அதோடு சேர்க்க முடியாது; ரசூலின் காப்பி நிறக் கிடா இல்லாவிட்டால் இனம் நிற்காது. அந்தக் கிடாவையும் கேட்டாள்.

ரசூல் கையைத் துடைத்துக்கொண்டான்.

"கிடாவ அனுப்ப மாட்டேன்க்கா. உங்க ஆடுங்க இங்க வரட்டும். என் பட்டியிலயே இருக்கட்டும். நீங்க எப்ப வேணா வாங்க. அண்ணன் வரவேணாம்."

"என்னையும் நம்பலையா நீ?"

"உங்க வூட்ட நம்பல."

அவளுக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் ஆடுகளை அவளே ஓட்டினாள். கூட வருகிறேன் என்று செருப்பை மாட்டிய குருமூர்த்தியை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நடந்தாள்.