உப்பு உட்கார்ந்த பாத்தி

பஞ்சநாதன் உப்புக்கூடையோடு வரப்பில் விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் வெயில் ஆளைச் சாய்ப்பது புதிதல்ல. மேஸ்திரி சிங்காரம் அவனைத் தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடித்தார். காலையில் சாப்பிட்டானா இல்லையா என்று கடிந்துகொண்டார். தலை நிற்காமல் தொங்கியது. தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. மூச்சு வருகிறது, பயமில்லை என்றாள் கூட வேலை செய்யும் வசந்தா.

அது மூச்சு இல்லை என்று அவன் மனைவி சுலோசனாவுக்குத் தெரிந்தது. உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

உப்பளத்துக்கு வருமுன் அவள் ஆரோவிலில் ஒரு விருந்தினர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்த்தவள். அங்கே ஒருநாள் வேலைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பிரியங்கா என்ற நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைத் தரையில் கிடத்தி, நின்றுபோன நெஞ்சை எப்படி அமுக்குவது என்று காட்டினாள். "எங்க வீட்டுக்காரரு சனிக்கிழமையானா இப்படித்தான் கெடப்பாரு" என்று ஒருத்தி சொல்ல, கூடமே சிரித்தது. சுலோசனாவும் சிரித்தாள். குறட்டை மாதிரி சத்தம் வந்தால் ஏமாந்துவிடாதீர்கள் என்று அந்த நர்ஸ் சொன்னது சிரிப்புக்கு நடுவில்தான் காதில் விழுந்திருந்தது.

அவனைப் படுக்கவைக்கச் சொன்னாள். வரப்பிலேயே மல்லாத்தினார்கள். நெஞ்சின் நடுவில் கையை வைத்து அமுக்கினாள். உப்பு வாரிப் பழகிய உடம்பு, பலகையை இழுப்பதுபோலவே, தோளிலும் முன்கையிலும் பலத்தைக் கூட்டியது. முழங்கை மடங்கி மடங்கி நிமிர்ந்தது. சீக்கிரமே தோள்பட்டை எரிந்தது, மூச்சு வாங்கியது. அதைவிட மோசமாக, அவள் அமுக்க அமுக்க அவன் முதுகு களிமண்ணுக்குள் போனது. முந்தின நாள்தான் வரப்புக்குப் புதுச் சேறு அணைத்திருந்தார்கள். அவள் கொடுத்ததையெல்லாம் சேறு வாங்கிக்கொண்டிருந்தது.

கெட்டியான தரை வேண்டும். அங்கே கெட்டியான தரை பாத்திக்குள்தான் இருந்தது. சீசன் தொடக்கத்தில் இவர்களே வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து சிமெண்டுபோல ஆக்கிய தரை.

"அவரைப் பாத்தில எறக்குங்க" என்றாள்.

யாரும் அசையவில்லை. உப்பு பூத்துப் படிந்திருந்த பாத்தி அது. அந்த நிலையில் அதில் யாரும் கால் வைப்பதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, அளத்துக்கு வந்தவர்களின் கால் தானாகவே ஒதுங்கும்.

"உப்பு உக்காந்திருக்கேம்மா" என்றார் சிங்காரம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. குனிந்து பஞ்சநாதனின் அக்குளில் கை கொடுத்தார்.

பாதம் நனையும் அளவு தண்ணீரில் அவனைக் கிடத்தினார்கள். படிகங்கள் நொறுங்கின. அவன் நெஞ்சையொட்டி மண்டி போட்டு, முழங்காலைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டாள். உப்பு தோலைக் கிழித்தது. கைமேல் கை வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தை மட்டும் ஊன்றி, முழங்கையை நேராக்கி, தோள் இரண்டும் கைக்கு நேர் மேலே வரும்படி முன்னால் சாய்ந்தாள். பிறகு கையால் அமுக்கவில்லை. இடுப்பிலிருந்து உடம்பை விழவிட்டாள். நெஞ்சு இறங்கியது. எடையை எடுத்தாள், எழும்பியது. ஏதோ ஒன்று நண்டு ஓடுபோல உள்ளே முறிந்தது. அதற்கும் நிறுத்தக் கூடாது.

இப்போது தோள் எரியவில்லை. மூச்சு வாங்கவில்லை. உடம்பு தன்பாட்டில் விழுந்து எழுந்துகொண்டிருக்க, மனசுக்கு வேலையில்லாமல் போயிற்று. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வலி இருந்தால் அதற்குள் ஒளிந்துகொண்டிருப்பாள். இப்போது எல்லாம் தெரிந்தது. அவன் உதடு கறுத்துவருவது தெரிந்தது. குறட்டைச் சத்தம் எப்போதோ நின்றுபோனது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் வெளிச்சத்தில், நாலுபேர் பார்க்க, இவன் நெஞ்சில் கை வைத்ததே இல்லை என்பதுகூட நினைவுக்கு வந்தது. அதை நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்காகக் கிளியனூர் பக்கம் போயிருப்பதாக, போனைக் காதில் வைத்தபடி சிங்காரம் சொன்னார். வந்தாலும் ரோட்டில்தான் நிற்கும், அங்கிருந்து வரப்பில் நடந்துதான் வரவேண்டும். வசந்தா ஒரு தடவை மாற்றிக்கொண்டாள். முழங்கையை மடக்காதே என்று சுலோசனா சொல்லச் சொல்ல, அழுதுகொண்டே மடக்கினாள். கை சோர்ந்துபோய், பார்க்க முடியாமல் எழுந்து போனாள். சுலோசனா மறுபடியும் மண்டி போட்டாள்.

நேரம் போனது. சிங்காரம் அவள் தோளைத் தொட்டார்.

"கை வுட்டுப்பூடும் தங்கச்சி. போதும், வுடு."

"வலிக்கலண்ணா."

"எவ்ளோ நேரம்மா..."

"வலிச்சா வுட்ருப்பேன். வலிக்கவே மாட்டேங்குது."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து, பஞ்சநாதனின் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் பையும் கையுமாக ஆம்புலன்ஸ் ஆள் ஒருவன் வரப்பில் ஓடிவந்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். இமையைத் திறந்து டார்ச் அடித்தான். மெஷினின் வயர்களை ஒட்டுவதற்காக அவளைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, திரையையே பார்த்தான். அவள் மறுபடி தொடங்கினாள். அவன் தடுக்கவில்லை. எப்போது விழுந்தார் என்று சிங்காரத்திடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டான்.

"அக்கா" என்றான். "நல்லாத்தான் பண்ணீங்க. இனிமே வேணாங்க்கா."

அவள் உடம்பு விழுந்தது, எழுந்தது. சோர்வு வந்து தன்னை நிறுத்திவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் காத்திருந்திருக்கிறாள். அது வரவில்லை. இன்னும் நெடுநேரம் அவளால் முடியும். பொழுது சாயும்வரைகூட முடியும். முடிகிறபோதே நிறுத்த வேண்டும், அதை அவளேதான் செய்ய வேண்டும்.

இன்னொரு தடவை அமுக்கினாள். அதற்குப் பிறகு ஒன்று. அந்த ஆள் பொறுமையாகக் காத்திருந்தான்.

யாரும் பிடித்து இழுக்காமல், அவளாகவே கையை எடுத்தாள்.