மூன்றாவது வரிசையில் வந்தவர்கள்

கண்ணாடிக்கடைக்காரர் வாங்கிய பெரிய வண்டியின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போனவர்கள், முன்னால் உட்கார்ந்தவர்களைவிடப் பதினோரு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். முதல் பயணத்திலேயே இது தெரிந்துவிட்டது. உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவருடைய தங்கையும் தங்கை கணவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். மண்டப வாசலில் கதவைத் திறந்தால் பின்சீட்டில் ஆளில்லை. சீட் பெல்ட் இரண்டும் மாட்டியபடி இருந்தன. கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி பதறிப்போய், வந்த சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோரு நிமிடம் கழித்து பெல்ட் கழற்றும் சத்தம் கேட்டது. இருவரும் சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கினார்கள். அரை நாள் பயணம் போலிருந்தது, கொஞ்சம் தூங்கினோம், மிச்ச நேரமெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம் என்றார்கள். கீரியும் பாம்புமாகக் குடித்தனம் நடத்திய ஜோடி அது. அன்றைக்கு அவளுடைய கைப்பையை அவர் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வண்டி வாங்கியதில் மனைவிக்குச் சம்மதமே இல்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. "ரெண்டு பேருக்கு எதுக்குங்க ஏழு சீட்டு?" என்று கேட்டதற்கு அவர், "பெரிய வண்டின்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இது நின்ற இடத்தில் நின்றே தின்னும் என்று அவள் வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் வண்டி நன்றாகத்தான் இருந்தது. கதவை மூடினால் கட்டிலில் தலையணை விழுகிற மாதிரி ஒரு சத்தம், அத்தோடு தெருவின் இரைச்சல் தெருவிலேயே நின்றுவிடும். உட்கார்ந்தால் மற்ற கார்களின் கூரையும் அதில் கிடக்கும் சருகும் தெரியும் உயரம். இருபத்துநாலு வருடம் கடையின் மர ஸ்டூலில் உட்கார்ந்த முதுகு அந்தத் தோல் இருக்கையில் பொருந்திப்போனபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு சுகமாக இருந்தால் எப்படித் திட்டுவது?

விஷயம் பரவியது. கணக்குப் பரீட்சைக்குப் போன ஒரு பெண் பின்சீட்டில் ஒரு புத்தகத்தையே முடித்துவிட்டு இறங்கினாள். விவாகரத்துக்குக் கிளம்பிய ஒரு தையல்காரரும் மனைவியும் நீதிமன்ற வாசலில் இறங்கி, பக்கத்தில் நல்ல பூட்டுக்கடை எங்கே இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். கேட்டவர்களையெல்லாம் கண்ணாடிக்கடைக்காரர் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டார். ஒன்றே ஒன்று: ஸ்டியரிங்கை வேறு யாரும் தொடக் கூடாது. அதனால் அவர் ஓட்ட, அவள் பக்கத்தில். "இந்தப் பக்கம் யாரும் வர்றாங்களா?" என்பார் அவர். "வரலை" என்பாள் அவள். முன்வரிசைப் பேச்சு அவ்வளவுதான்.

கடையிலும் அதற்குமேல் பேச்சு கிடையாது. அவர் உள்ளறையில் லென்ஸ் தேய்ப்பார், அவள் முன்னால் ஃபிரேம் காட்டுவாள், நடுவில் ஒரு சின்ன ஜன்னல். ப்ளஸ் ஒன்றரை, மைனஸ் இரண்டேகால், நாளைக்கு ரெடியாகும், இப்படித்தான். கடையைப் பூட்ட மனசு வராமல் மதியச் சாப்பாட்டை முறை வைத்துத்தான் சாப்பிட்டார்கள். கல்யாணமான நாள் முதல் மதியத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிட்டதே இல்லை.

ஒரு வருடம் பார்த்துவிட்டு, பழுதாக இருந்தால் மாற்றித் தரட்டும் என்று அவள் தனியாக ஷோரூமுக்குப் போனாள். டை கட்டிய விற்பனையாளர் பொறுமையாகக் கேட்டார்.

"பதினொண்ணுக்கு மேல போகுதா மேடம்?"

"பதினொண்ணே அதிகம் இல்லையா?"

"சின்ன வண்டியில பின்னாடி உட்கார்ந்தா முட்டி இடிக்கும். விலை கூடினா இடம் கூடும். இடம் கூடினா நேரமும் கூடத்தானே செய்யும்? இதுக்கு மேல் மாடல்ல இருபது நிமிஷம். சார்தான் பதினொண்ணு போதும்னுட்டார்."

"அவருக்குத் தெரியுமா?"

"அதுக்காகத்தானே மேடம் வாங்கினார்! தோல் சீட்டைப் பார்க்கலை, கதவுச் சத்தம் கேக்கலை. கடைசி வரிசையைக் காட்டுன்னார். கடையிலயே காலம் போயிடுச்சு, வீட்டுக்காரியோட உட்கார்ந்து பேசவே இல்லைன்னார்."

அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பெண்டாட்டியோடு பேசுவதற்கு இவ்வளவு பெரிய வண்டியை வாங்கிவிட்டு, ஸ்டியரிங்கை அடுத்தவனிடம் கொடுக்க மனசில்லாமல் ஊரையெல்லாம் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறாரே இந்தக் கல்லுளிமங்கன்! அவராகச் சொல்லட்டும் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. பிடிவாதத்தில் அவளும் இளைத்தவள் இல்லை. இன்னும் எட்டு மாதம் அப்படியே போனது.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேஷன். பத்துப் பேரில் ஏழு பேர் பிழைப்பார்கள் என்று டாக்டர் விரல்களை விரித்துக் காட்டினார். மடக்கிய மூன்று விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் இவரிடம் என்ன பேசினோம் என்று யோசித்தால் ப்ளஸ்ஸும் மைனஸுமாகத்தான் நினைவுக்கு வந்தது. அவரைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமலே அனுப்பிவிடுவோமோ என்பதுதான் அவள் பயம்.

ஆபரேஷன் அன்று காலை பழக்க தோஷத்தில் அவர் ஓட்டுநர் கதவுக்குப் போனார். அவள் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க. தம்பி ஓட்டட்டும்."

"உன் தம்பி கியரை உடைச்சிடுவான்."

"இது ஆட்டோமேட்டிக்தாங்க. குடுங்க." அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ஷோரூம்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அவர் முகம் காது வரைக்கும் சிவந்தது. சாவியைக் கொடுத்துவிட்டார். இருவரும் கடைசி வரிசையில் ஏறிக்கொண்டார்கள்.

மருத்துவமனை வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியோடு நின்றாள். "பேஷண்ட் எங்க?"

"மூணாவது வரிசையில வந்துட்டு இருக்காங்க சிஸ்டர்" என்றான் தம்பி.

பதினோரு நிமிடம்தானே என்று நர்ஸும் தம்பியும் காத்திருந்தார்கள். பதினொன்று போனது, அரைமணி போனது. பத்து மணிக்கு அடுத்த நோயாளியை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரே இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்து, "பெல்ட் மாட்டியிருக்கு. வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆம்புலன்ஸுக்கு இடைஞ்சல் என்று காவலாளி சொன்னதால் தம்பி வண்டியைச் சுவரோரம் நிறுத்தினான். ஷோரூமுக்குப் போன் செய்ததில், "வந்து சேர்றதுக்குத்தான் சார் பதினொண்ணு. இறங்குறது அவங்க இஷ்டம்" என்றார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெல்ட் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் முதலில் இறங்கினார், தலைமுடி தோளில் புரண்டது. பின்னால் அவள், துவைத்துத் துவைத்துச் சாயம் போன புடவையில். ஏறும்போது கருகருவென்றிருந்த அவள் தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது.

தம்பி அழுதேவிட்டான். "எங்கக்கா போயிட்டே?"

"எங்கயும் போகலைடா. வந்துட்டுத்தான் இருந்தோம்."

முதல் நாள் என்ன பேசுவதென்றே தெரியவில்லையாம். லென்ஸைப் பற்றித்தான் ஆரம்பித்தார்களாம். அதற்குமேல் தம்பியிடம் அவள் சொல்லவில்லை.

"வெறும் வயித்துலதானே இருக்கீங்க?" என்று நர்ஸ் கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். "இப்பதாம்மா ரெண்டு பேரும் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டோம்" என்றார் அவர். ஆபரேஷன் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது. புதிதாக எடுத்த படத்தைப் பழையதோடு வைத்துப் பார்த்த டாக்டர், அடைப்பு அப்படியேதான் இருக்கிறது, வழியில் ஒன்றும் கூடவில்லை என்றார்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள். பேசித் தீர்த்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் முன்னைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. உள்ளே கிடப்பது யார் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

அவர் பிழைத்துக்கொண்டார். கண் விழித்துத் தண்ணீர் கேட்டார் என்று சொல்ல வந்த நர்ஸ், கையோடு குடும்ப விவரத் தாளையும் சரிபார்க்க உட்கார்ந்தாள்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்மா?"

"முப்பத்தொண்ணு."

தாளில் இருபத்தாறு என்று இருந்தது. நர்ஸ் அவள் தலையை ஒருமுறை பார்த்தாள். இருபத்தாறை அடித்துவிட்டு, முப்பத்தொன்று என்று எழுதினாள்.