நாலு விரல் சாய்வு

எங்கள் வீட்டு வாசற்கதவு தானாகத் திறக்கும். கொண்டியைப் போடாமல் சாத்திவிட்டுத் திரும்பினால், முதுகுக்குப் பின்னால் முனகிக்கொண்டு மெல்ல மெல்ல விலகிப் போய்ச் சுவரில் முட்டித்தான் நிற்கும். "காத்து" என்பார் என் புருஷன் தவராசா. இலை அசையாத சித்திரை வெயிலிலும் அவருக்கு அது காற்றுத்தான்.

ஏனென்றால் அந்தக் கதவு நிலையை நட்டவர் அவர். கண்டாவளைப் பக்கம் குடியேற்றக் கொலனியில் காணி கிடைத்து வரணியிலிருந்து நாங்கள் வந்த வருஷம், ஒரு தச்சனைக் கூப்பிடுங்கோ என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! முதிரை மரத்தைத் தானே இழைத்து, தானே நட்டு, மாவிலை கட்டிக் கற்பூரமும் கொளுத்திவிட்டு, "இந்தக் கொலனியிலை இதைவிட நேரான நிலை ஒண்டு காட்டு பாப்பம்" என்றார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். கதவைப் பற்றி நான் வாயெடுத்தால், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று என் வாயை அடைத்துவிடுவார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "வாங்கோ, வாங்கோ, எங்கடை கதவு உங்களைக் கண்டதும் திறக்குது" என்று அவர் காதில் விழச் சொல்லுவேன்.

அறுபத்தொன்றாம் வருஷக் காலபோக நெல் விளைந்து நின்றபோதுதான் அந்த அலியன் வந்தது. கொம்பில்லாத ஆண் யானை, ஒரு காது கிழிந்தது. வயலில் நின்றுகொண்டு அதன் பெயரை நாங்கள் சொல்வதில்லை, பெரியவர் என்போம். பெரியவர் முதலில் நெல்லைத் தின்றார். பிறகு பக்கத்து வயல்காரர் ஏரம்பு அண்ணையின் கொட்டிலைப் பிரித்தார். பிறகு ஏரம்பு அண்ணையையே மிதித்துக் கொன்றார். அதன்பின் பட்டப்பகலிலும் பயமில்லாமல் வரத்தொடங்க, சுடுவதற்கு அரசாங்க அனுமதி வந்தது. சுடத்தான் நல்ல துவக்கு இல்லை.

துவக்கைக் கொண்டுவந்தவர் ஆதம்பாவா நானா. நெளுக்குளத்திலிருந்து லொறியில் வந்து எங்கள் நெல்லை வாங்குகிற முஸ்லிம் வியாபாரி, நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். நாட்டைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை அவருக்குக் கொடுத்த ரைபிள் அது. அதன் மேலே தூரத்தைக் கிட்டவாகக் காட்டும் குழாய்க் கண்ணாடி இருந்தது. குழாய்க்குள் குறி பார்க்கச் சிலுவைபோல இரண்டு மெல்லிய தந்தி, நெடுக்குத் தந்தியில் கீழே இறங்க இறங்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். துவக்கு சரியாமல் இருக்கிறதா என்று பார்க்க அதன் உடம்பில் ஒரு ரசமட்டக் குமிழிகூடப் பூட்டியிருந்தது. ஆனால், கிடங்கும் பள்ளமுமான றோட்டில் லொறி குலுங்கிய குலுக்கலில் திருகாணிகள் இளகி, குழாய் தன்பாட்டுக்குத் திரும்பியிருந்தது.

"வவுனியாவிலை இதுக்கு ஒரு ஆள் இருக்கு தவராசா. அவரிட்டைக் குடுத்துப் பூட்டுவம்" என்றார் நானா.

என் புருஷனா விடுவார்? உலக யுத்தச் சண்டைக் காலத்தில் திருகோணமலையில் துவக்குப் பிடித்தவராச்சே. "இதுக்கு என்னத்துக்கு இன்னொருத்தன்?" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் குசினியிலிருந்து வாசலுக்கு வந்தால், முற்றத்தில் சாக்குமூட்டையின் மேல் துவக்கைக் கிடத்தி என்னையே குறி பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"ஐயோ, உங்களுக்கென்ன விசரோ? வீட்டு வாசலுக்குத் துவக்கை நீட்டுறியள், இது நல்லதுக்கோ?"

"தோட்டா இல்லையப்பா. தள்ளி நில்லு, நிலைக்காலை மறைக்கிறாய்."

பக்கத்தில் குந்தியிருந்த என் தம்பி செல்வநாயகம் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா செத்த பிறகு எங்களோடு வந்து இருந்தவன். எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். எனக்கு அவன் கையால் ஒரு தேத்தண்ணி, அவனுக்கு என் கையால் ஒரு குட்டு, இது இல்லாமல் எங்களுக்குப் பொழுது விடிந்ததில்லை.

"சிரியாதை மூதேவி" என்று அவன் தலையில் ஒன்று போட்டுவிட்டு, "இப்ப என்ன செய்யிறார் உன்ரை அத்தான்?" என்று கேட்டேன்.

அவரே சொன்னார். கெட்டிக்காரர், அதில் குறை சொல்லமாட்டேன். "குண்டு தூரம் போகப் போகக் கீழை விழும். நானூறு யார் தூரத்திலை ஒரு ஆள் உயரத்துக்கு விழும். அதுக்குத்தான் தந்தியிலை கீழ்ப் புள்ளியை வைச்சுக் குறி பாக்கிறது, அப்பதான் துவக்கு மேலை தூக்கும். தந்தி சாய்ஞ்சு நிண்டா, மேலை தூக்கிறனெண்டு பக்கத்துக்கும் தள்ளிப்போடுவன். கிட்டத்திலை ஒண்டும் தெரியாது. தூரத்திலைதான் அது தன்ரை குணத்தைக் காட்டும். அதுதான் குமிழியை நடுவிலை நிப்பாட்டி, தந்தியை நிலைக்காலோடை ஒட்டவைச்சு முறுக்கப்போறன்."

"அத்தான், ஒரு நூலிலை கல்லைக் கட்டித் தூக்கி, அதைப் பாத்து முறுக்கினா என்ன?" என்றான் தம்பி.

"என்ரை நிலை இருக்கேக்கை கல்லென்னத்துக்கு?"

"அந்தக் கதவு தானாத் திறக்குது" என்றேன் நான்.

"காத்து" என்றார். திருகாணியை முறுக்கினார். அந்த நேரம் பார்த்துக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. தம்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய்க் கதவை இழுத்துச் சாத்தினேன்.

பின்னேரம் மாட்டுக்கொட்டிலடி வேலியில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். முதல் வெடியிலேயே சிரட்டை சிதறியது. இன்னொன்று கட்டினார்கள், அதுவும் சிதறியது. "பாத்தியா?" என்று என்னைத்தான் பார்த்தார். கொலனியே கூடி நின்று கைதட்டியது. கிட்டத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஏரம்பு அண்ணை செத்த பிறகு எங்கள் கீழ்வயல் பரணில் ஏற ஒருவரும் துணியவில்லை. காவல் இல்லாவிட்டால் வெட்டுவதற்கு ஒரு கதிரும் மிஞ்சாது. தம்பி நான் ஏறுகிறேன் என்றான். குளக்கட்டில் அத்தான் துவக்கோடு இருப்பார், பெரியவர் காட்டைவிட்டு வெளியில் வந்தால் அவன் சீலையை அசைத்துக் காட்டவேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

"நீ போகவேண்டாமடா" என்றேன்.

"சிரட்டையைப் பாத்தனி தானே அக்கா? அத்தான்ரை குறி பிழைக்காது. பயப்பிடாதை."

துவக்கை நம்பித்தான் அவன் ஏறினான். அவன் உயிர் அந்த ஒரு வெடியில் இருந்தது. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறியிருந்தது. அவருக்குத் தேத்தண்ணிப் போத்தலோடு நான் குளக்கட்டில் ஏறினபோது குருவிச் சத்தம் எல்லாம் நின்றிருந்தது. காட்டோரம் பார்த்தேன், ஒன்றுமில்லை. பரணைப் பார்த்தேன். அதன் காலடியில் கறுப்பாய் மலைபோல நின்றது. எப்போது வந்தது, எப்படி வந்தது, சத்தியமாய் நான் காணவில்லை. மேலே தம்பி சீலையை அசைக்கவில்லை. கூரைக் கம்பைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான்.

நடுவில் வாய்க்காலும் முழங்கால் சேறும். ஓடிப்போக வழியே இல்லை. நானூறு யார் தூரத்துக்குக் குறையாது. யானை நெற்றியைப் பரண்காலில் வைத்து ஒருமுறை தள்ளிப் பார்த்தது. பரண் ஆடியது.

"சுடுங்கோ!" என்றேன்.

"பொறு. பக்கவாட்டிலை திரும்பட்டும். காதுக்கு முன்னாலை உள்ளங்கை அகலம் ஒரு இடமிருக்கு, அதிலை பட்டா நிண்ட நிலையிலை விழும்." அவர் குரல் நடுங்கவில்லை. கையும் நடுங்கவில்லை. குமிழியைப் பார்த்தார், அது நடுவில் நின்றது. புள்ளியை வைத்தார். யானை திரும்பியது. வெடி கேட்டது.

அது விழவில்லை. தலையை ஒரு உதறு உதறிப் பிளிறியது. அந்தப் பிளிறலில் குளத்துத் தண்ணீரே கலங்கியது போல இருந்தது. மறுபடி அதே பக்கத்தைக் காட்டி நின்றது. மறுபடி சுட்டார். அதுவும் பட்டது, எனக்கே தெரிந்தது. அதற்கும் அது விழவில்லை. அதுவரை பரணோடு விளையாடிக்கொண்டு நின்ற மிருகம் இப்போது நோவில் விசர் பிடித்துப் பரண்மேல் பாய்ந்தது. "அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. அத்தான் என்று கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டான். நான் தேத்தண்ணிப் போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தம்பி, என் ஒரே தம்பி, அவனை நான் அள்ளித்தான் எடுத்தேன்.

எட்டாம் நாள் காரியமான எட்டுக்கு ஆதம்பாவா நானா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு அதன் நுனியில் இருந்தார். தம்பி செத்த அடுத்த நாளே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யானையைக் கிட்டப்போய்ச் சுட்டு முடித்தவர்களோடு அவரும் போயிருந்தார்.

"தவராசா, சொல்லாமல் இருக்க ஏலாது. செத்த யானையிலை உம்மடை ரெண்டு வெடியும் பட்ட இடத்தை நான் பாத்தனான். உம்மடை கை பிழைச்சிருந்தா ரெண்டும் ரெண்டு பக்கம் போயிருக்கும். ரெண்டும் ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டு இருக்கு. படவேண்டிய இடத்திலையிருந்து நாலு விரல் முன்னுக்கு. உயரம் சரி, பக்கம்தான் பிழை. குழாய்க்குள்ளை தந்தி சாய்ஞ்சிருக்கு தவராசா. எதைப் பாத்து முறுக்கினனீர்?"

என் புருஷனின் கண் வாசல் நிலைக்குப் போனது. என் கண்ணும் அங்கேதான் போனது. அல்லாஹ்வின் நாட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டு நானா எழும்பிப் போனார். அவரை அனுப்பிவிட்டு என் புருஷன் கதவைச் சாத்தினார். கொண்டியைப் போட மறந்துவிட்டார். தம்பியின் படத்துக்கு முன்னால் வந்து இருந்தார்.

படத்தடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுடர் ஆடவேயில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு முனகியது. பிணைச்சல் ஒருதரம் கிரீச்சிட, மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போனது. அவர் வாயைத் திறந்தார்.

"சொல்லுங்கோ" என்றேன். "காத்தெண்டு சொல்லுங்கோவன்!"

அவர் எழும்பினார். போய்க் கதவைத் தள்ளிச் சாத்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி அதிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். வெளியே யாரோ எட்டு வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்கள். அவர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது திறந்துவிடும் என்று அவருக்கு எப்போதோ தெரியும்.