பெயர் பிறகு சொல்லப்படும்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். இத்தாலியின் பலேர்மோவில், பல்லாரோ சந்தையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தன் கணவனிடம் சொன்னாள்: "பால் பொங்கின இடத்திலை கக்கூஸ் கட்டப்போறானாம். நீங்களும் கேட்டுக்கொண்டு நிண்டனியள்." கணவன் பையை விரித்துப் பிடித்தான். நான் என் கத்தரிக்காயைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மிச்சமெல்லாம் நானாகக் கட்டியது. அவனுக்கு உமாசுதன், அவளுக்கு நிலக்ஷி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

முதல் தொடக்கம்: "பலேர்மோ துறைமுகத்தின் மேல் மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை

வேண்டாம். உமாசுதன் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைக்கிறான். சூரியனை அண்ணாந்து பார்க்கிற வேலை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

இரண்டாவது: "உமாசுதனுக்கு ஒரு கனவு இருந்தது." யாருக்குத்தான் இல்லை? வெட்டு.

மூன்றாவது: உமாசுதன் யூடியூப் பார்த்துக் கெட்டுப்போனான்.

இது சரி. பல்லெல்லாம் பளீரென்றிருந்த ஓர் அமெரிக்கர் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்: வீடு வாங்காமலே வீடு விற்கலாம். பாழடைந்த வீடாகப் பார். விற்க அவசரப்படுகிறவரைப் பிடி. மலிவு விலைக்கு ஒப்பந்தம் எழுது. பிறகு அந்த ஒப்பந்தத்தையே கூட விலை தருகிறவனுக்குக் கைமாற்று. நடுவில் நிற்கிற தொகை உன்னுடையது. கடைசி விதி: வீட்டின் மேல் ஆசை வைக்காதே.

இந்த விதி உமாசுதனுக்கு மிகவும் பிடித்தது. துடைக்கிற வீடு எதன் மேலும் அவன் ஆசை வைத்ததில்லை. பாதிப் படிப்பு ஏற்கெனவே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

3

வீடு அல்பெர்கேரியா பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் கிடைத்தது. ஓர் அறையின் கூரை கீழே கிடந்தது. அடுப்படியும் பால்கனியும் மட்டும் உருப்படி. சொந்தக்காரி சிஞ்ஞோரா இனெஸ், மகளோடு இருக்க ஜெனோவாவுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இங்கே முதலில் 'கொம்ப்ரமெஸ்ஸோ' என்று ஒரு முன் ஒப்பந்தம் எழுதுவார்கள். வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'உமாசுதன், அல்லது அவர் பிறகு பெயர் சொல்லும் ஆள்' என்று போடச் சட்டத்தில் இடம் உண்டு. இது நான் கட்டியதில்லை.)

உமாசுதன் அப்படியே எழுதி முற்பணம் கட்டினான். குறித்த நாளில், பத்திரம் முடிக்கிற நொத்தாரிஸ் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் வீடு உமாசுதன் தலையில். வாங்க வக்கில்லாவிட்டால் கட்டிய முற்பணம் போச்சு. முற்பணம் என்பது அவனும் நிலக்ஷியும் இத்தனை காலம் முழங்காலில் நின்று சேர்த்த அவ்வளவும்.

4

அமெரிக்கர் ஒன்றைச் சொல்லவில்லை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் வியாபாரம் அல்லவா, மங்களமாகத் தொடங்குவோம் என்று உமாசுதன் நல்ல நாள் பார்த்தான். சிஞ்ஞோராவிடம் சாவியை இரவல் வாங்கினான். அந்த அடுப்படியில், ஒரு சின்ன காஸ் அடுப்பில், நிலக்ஷியைக் கொண்டு பால் காய்ச்சுவித்தான். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. அவன் கைதட்டிப் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான். சனியன் அங்கேதான் பிடித்தது.

ஒப்பந்தத்தை வாங்குவதாக இருந்தவர் கிருபன். மளிகைக் கடைக்காரர், காசுள்ளவர். வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, வீடு நல்லம்தான். ஆனால் நீங்கள் குடிபூந்திட்டியள்."

"ஐயோ அண்ணை, அது சும்மா வியாபாரத்துக்குக் காய்ச்சினது."

"வியாபாரத்துக்கு எண்டால் கடையிலை காய்ச்சோணும். வீட்டிலை காய்ச்சினால் குடிபூரல்தான். இன்னொரு குடும்பம் பால் காய்ச்சின வீட்டை வாங்கிக்கொண்டு போய் என்ரை மனுசிக்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிறது?"

அதற்குள் தெரிந்த தமிழர் எல்லாரும் ஸ்டேட்டஸைப் பார்த்து வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். வாழ்த்திய ஒருவரிடமும் இனி விற்க முடியாது.

5

இந்த இடத்தில் எனக்கு நிலக்ஷியோடு தகராறு. என் திட்டப்படி அவளுக்குப் பால்சட்டியைப் பிடிப்பது மட்டும்தான் வேலை. அவளோ, பால் காய்ச்சிய அன்றே, வழிந்த பாலைத் துடைத்துவிட்டு, [இங்கே கை, தரை, கண்ணீர் என்று ஓர் உருக்கமான வாக்கியம் இருந்தது. வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன்] பால்கனிக்குப் போய் நின்றாள். கீழே மீன்காரன் கத்திக்கொண்டிருந்தான். வெயில் அவள் முகத்தில் அடித்தது.

"இஞ்சை உடுப்புப் போட்டால் கெதியாக் காய்ஞ்சிடும்," என்றாள்.

உமாசுதனுக்குப் பகீரென்றது. எனக்கும்தான்.

6

நாள் நெருங்கியது. கதையை நகர்த்த எனக்கு ஒரு லொரென்சோ தேவைப்பட்டான். உல்லாசப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவன். பால் கறை அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இத்தாலியனில் கடகடவென்று சொல்லி முடித்தான்: இங்கே ஓர் அறை, அங்கே ஓர் அறை, இந்த அடுப்படியை இடித்துக் கழிவறை.

உமாசுதன் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இல்லை. நிலக்ஷிக்கு அவனைவிட நல்ல இத்தாலியன் தெரியும்.

அதன் பிறகுதான் சந்தை, கத்தரிக்காய், நான் கேட்ட அந்த வசனம். அவன் அதற்கு என்ன சொன்னான் என்பது இனி என் பொறுப்பு.

"இது வியாபாரமப்பா. வீட்டிலை ஆசை வைக்கக் கூடாது."

"நான் எங்கை ஆசை வைச்சனான்? நீங்கள் பால் காய்ச்சச் சொன்னியள், காய்ச்சினன். வீட்டிலை பால் காய்ச்சிப்போட்டு வேறை எப்பிடி இருக்கிறதாம்?"

7

முடிவுகள்.

(அ) லொரென்சோவின் பெயர். காசு கை நிறைய வருகிறது. இருவரும் வெளியில் சாப்பிடப் போகிறார்கள். நிலக்ஷி தட்டைத் தொடவில்லை.

(ஆ) தங்கள் பெயர். வங்கி 'பார்க்கலாம்' என்கிறது. மழைக்கு வாளி வைத்துக்கொண்டு, கிழவன் கிழவியாகும்வரை கடன் கட்டுகிறார்கள்.

(இ) சிஞ்ஞோரா இனெஸ் மனமிரங்கி முற்பணத்தைத் திருப்பி

இல்லை. அந்த அம்மா கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

எனக்கு இது நன்றாக வேண்டும். நானும் உமாசுதன் செய்கிற தொழிலைத்தான் செய்கிறேன். யாரோ ஒருத்தியின் பேச்சைச் சந்தையில் மடக்கிப் பிடித்து, ஒரு நாளும் அதில் குடியிருக்காமல், உங்கள் தலையில் தள்ளிவிட வந்தேன். ஆனால் அந்தப் பால்கனியைத் திரும்பத் திரும்ப எழுதினேன். அவள் அங்கே இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. விதியை மீறிவிட்டேன்.

8

நொத்தாரிஸின் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் சிஞ்ஞோரா இனெஸ். இந்தப் பக்கம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு லொரென்சோ. நடுவில் உமாசுதன். அவனருகே நிலக்ஷி, மடியில் பை. பையிலிருந்து உடுப்புக் காயப்போடுகிற ஒரு நீலக் கொடிக்கயிறு எட்டிப்பார்க்கிறது, கடைச்சீட்டைக்கூடப் பிரிக்காமல்.

"வாங்குபவர் பெயர்?" என்கிறார் நொத்தாரிஸ்.

உமாசுதன் வாயைத் திறக்கிறான்.

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை. என் ஒப்பந்தத்தில் பெயர் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். சொல்லுங்கள். ஆனால் யார் பெயரைச் சொன்னாலும், அந்தக் கயிற்றை எங்கே கட்டுவது என்பதையும் நீங்களே அவளிடம் சொல்லிவிட வேண்டும்.